பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்... பூங்காவின் சாவி யார் கையில்?

திண்டுக்கல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பூட்டு. அடுத்தது பிரியாணி. மாங்காய் வடிவில், கை நிறையக் கனக்கும் அந்த இரும்புப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நாகல்நகர் பக்கம் போனால் அரம் போடும் சத்தத்தை இன்றும் கேட்கலாம். சாவி தொலைந்தால் பூட்டை உடைத்துத்தான் ஆக வேண்டும், வேறு சாவிக்கு மசியாது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

ஆனால், எந்த ஊராக இருந்தாலும் சிலரைக் கவலைப்பட வைக்கும் பூட்டு ஒன்று உண்டு. குடியிருப்புக்கு நடுவே நாலு பக்கமும் கம்பி வேலி போட்ட ஒரு சிறிய இடம். உள்ளே துருப்பிடித்த ஊஞ்சல், முட்டளவு புல், காய்ந்துபோன குழாய். வாசலில் 'சிறுவர் பூங்கா' என்ற பலகை தொங்கும், அதற்குக் கீழே ஒரு பூட்டும் தொங்கும்.

இந்தப் பூட்டைத் திறப்பது யார்? திறந்த பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றுவது யார்? திண்டுக்கல்லைச் சுற்றிப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் கிடைக்கின்றன.

பாறையில் தொடங்கும் காலை

திண்டுக்கல்லைப் பார்க்க வருகிறவர்கள் மலைக்கோட்டையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். தலையணை மாதிரி படுத்திருக்கும் ஒரே பாறை. திண்டு போன்ற கல் என்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக் கிருஷ்ணப்பர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். 1755-ல் ஹைதர் அலி இந்தப் பகுதிக்கு அதிகாரியாக வந்தார். பிறகு திப்பு சுல்தான் கைக்குப் போன கோட்டையை 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தனர். இன்று இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறி உச்சிக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரியும். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடரின் நீல விளிம்பு, நடுவே ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வீடுகள். பச்சை எங்கே இருக்கிறது என்று தேடினால் ஒரு குளக்கரை, ஒரு பள்ளி வளாகம், கோயிலைச் சுற்றிச் சில மரங்கள் என்று கண் ஓடும். மிச்சமெல்லாம் மொட்டை மாடிகள்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரத்தின் மக்கள்தொகை 2,07,327. அன்றைய நகராட்சியின் பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர். ஒரு நகரத்தில் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2014-ம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டி. குறைந்தபட்ச அளவான 10 சதுர மீட்டரையே எடுத்துக்கொண்டாலும், 500 ஏக்கருக்கு மேல் வேண்டும். பழைய நகராட்சிப் பரப்பில் அது ஏழில் ஒரு பங்கு. 1866-லேயே நகராட்சியான ஊர் இது. 2014-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. வீடுகள் நெருங்கிவிட்ட பழைய ஊரில் இனிமேல் புதிதாக 500 ஏக்கரைத் தேடிப் பிடிக்க முடியாது. அதனால்தான் இருக்கிற 10 சென்ட்டும் 20 சென்ட்டும் பொன்னாகிறது.

குப்பை பொறுக்கலாம், குழி தோண்டக் கூடாது

'ஞாயிற்றுக்கிழமை கோட்டையில் ஏறி மரம் நடலாமா?' என்று ஆர்வத்தோடு கேட்கும் கல்லூரி மாணவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் மண்ணைக் கிளறக் கூடாது. ஒரு வேர் உள்ளே இறங்கினால் 400 ஆண்டுச் சுவரே விரிந்துவிடும். பழைய சுவர்களில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குவது தொல்லியல் துறைக்கு ஓயாத வேலை.

தன்னார்வலர்கள் அங்கே செய்யக்கூடியது வேறு. மேலே வருகிறவர்கள் விட்டுச்செல்லும் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட் ஆகியவற்றைப் பொறுக்கிக் கீழே கொண்டுவரலாம். சுவரில் பெயர் கிறுக்கும் இளைஞர்களிடம் பக்குவமாகப் பேசலாம். 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்க முடியும். 'தம்பி, காதலைச் சொல்ல 1 லட்சம் ரூபாய் ஆகும், பரவாயில்லையா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டால் பாதிப் பேர் சாக்பீஸைக் கீழே போட்டுவிடுவார்கள்.

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினம். நவம்பர் 19 முதல் 25 வரை பாரம்பரிய வாரம். பள்ளி, கல்லூரிக் குழுக்கள் துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, சேர்ந்து சுத்தம் செய்ய ஏற்ற நாட்கள் இவை.

காணாமல் போகும் 10 சதவிகிதம்

பாறையிலிருந்து இறங்கி, ஊருக்கு வெளியே வளர்ந்திருக்கும் புதிய நகர்களுக்குள் வந்தால் கதை மாறுகிறது. ஒரு காலத்தில் சோளமும் கடலையும் விளைந்த காடுகள் இப்போது மனைப்பிரிவுகளாகிவிட்டன.

பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவிகிதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடலுக்காக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் பணம் கட்டித் தப்பிக்கவும் முடியாது, இடமாகத்தான் தர வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்த பிறகு அது பொதுச் சொத்து.

தாளில் இப்படி இருக்க, தரையில் நடப்பது வேறாக இருக்கலாம். வேலி இல்லாத காலி இடம் முதலில் கட்டட இடிபாடு கொட்டும் இடமாகும். அடுத்து யாரோ மாடு கட்டுவார்கள். பிறகு ஒரு தகரக் கொட்டகை முளைக்கும். பத்து வருடம் கழித்து, 'இது பூங்கா இடம்' என்று சொன்னால் கொட்டகைக்காரருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இதைத் தடுக்க 1959-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அதுதான் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம். அதன்படி உள்ளாட்சி அமைப்பு தன் பகுதியிலுள்ள பூங்காக்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்த இடங்களை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஆகவே, பூங்காவைக் காப்பாற்றுவதில் முதல் வேலை மண்வெட்டி பிடிப்பதல்ல, தாள் தேடுவது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு கொடுத்தால், 30 நாட்களில் பதில் வர வேண்டும். 'எங்கள் வார்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடங்கள் எவை, எத்தனை சதுர மீட்டர், தானப் பத்திரம் பதிவானதா?' என்ற மூன்று கேள்விகள் போதும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 'வீட்டில் சும்மாதான் இருக்கேன்' என்று சொல்லும் பெரியவர்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். எந்த மேசையில் எந்தக் கோப்பு தூங்கும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்!

பெங்களூருவில் ஜெயித்த தெருக்காரர்கள்

'நாலு பேர் சொன்னால் அரசாங்கம் கேட்குமா?' என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பெங்களூருவின் ராஜ்மஹால் விலாஸ் குடியிருப்பில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம், தனியார் மருத்துவமனை கட்டத் தரப்பட்டது. அக்கம்பக்கத்து மக்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1991-ல் தீர்ப்பு குடியிருப்புவாசிகளுக்குச் சாதகமாக வந்தது. மருத்துவமனை நல்ல காரியம்தான். ஆனால், மக்கள் மூச்சுவிட ஒதுக்கிய இடத்தை நல்ல காரியத்தின் பெயரைச் சொல்லியும் எடுத்துக்கொள்ள முடியாது, அதைக் கேட்டு வழக்குப் போட அங்கே குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். பூங்கா வழக்குகளில் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

நடுவது ஒரு நாள், ஊற்றுவது இரண்டு கோடை

இடம் கிடைத்துவிட்டது, பூட்டும் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோரும் செய்வது மரம் நடுவிழா. பேனர், மாலை, போட்டோ எல்லாம் அமர்க்களமாக நடக்கும். அடுத்த சித்திரையில் போய்ப் பார்த்தால் கூண்டு மட்டும் நின்றுகொண்டிருக்கும்.

திண்டுக்கல் சமவெளியில் தண்ணீர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மழையைப் பெரிதாகக் கொண்டுவருவது ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் வடகிழக்குப் பருவமழை. குடிநீருக்கே ஆத்தூர் காமராஜர் அணையையும் வெளியூர்க் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களையும் நம்பியிருக்கும் ஊர் இது. தோல் தொழிற்சாலைகள் இருந்த பகுதிகளில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீர் கெட்டுப்போயிருப்பதும் ஊரறிந்த சங்கதி. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்தாலும், அது செடிக்கு ஆகுமா என்று பரிசோதித்துப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 50 கன்று, ஒன்றுக்கு 10 லிட்டர், வாரம் இரண்டு முறை என்றால் வாரத்துக்கு 1,000 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 67 குடம். இதை இரண்டு கோடைக்குத் தொடர்ந்து செய்ய ஆள் இருந்தால் 50 கன்று நடலாம். ஆள் இல்லை என்றால் 10 நட்டாலே போதும். பத்தும் மரமாகும்.

எதை நடுவது என்பதும் முக்கியம். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல், இலுப்பை ஆகியவை இந்த வெயிலுக்குப் பழகியவை. வேகமாகப் பச்சை காட்டும் என்று அழகுக்காக நடப்படும் கோனோகார்பஸ் வேண்டாம். அதன் மகரந்தத்தால் சளி, ஆஸ்துமா தொல்லை வருகிறது என்ற புகாரால் குஜராத் அரசு 2023-ல் அதைத் தடை செய்தது. புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து, மண் ஈரம் கண்டதும் நட்டால் முதல் மூன்று மாதத்துக்கு வானமே தண்ணீர் ஊற்றும். உதிரும் இலைகளை எரிக்காமல், மூலையில் ஒரு குழி வெட்டிப் போட்டால் சில மாதங்களில் உரம் தயார்.

'இது மாநகராட்சி வேலைதானே அண்ணே?'

பூங்காவில் யாராவது குனிந்து களை பிடுங்கினால், வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி இப்படிக் கேட்கிறவர் எல்லாத் தெருவிலும் உண்டு. கேள்வி நியாயமானது. வீட்டுவரி கட்டுகிறோம், பூங்காவையும் நாமே கூட்ட வேண்டுமா?

கூட்டுவது மாநகராட்சியின் வேலைதான். 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியலமைப்புத் திருத்தம், பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் நகர உள்ளாட்சிகளின் பொறுப்புப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. தன்னார்வலர்கள் வந்துவிட்டார்கள் என்று சம்பளம் வாங்கும் துப்புரவுப் பணியாளரையோ காவலாளியையோ நிறுத்திவிட்டால், அது ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைப்பதாகிவிடும். அதனால் விவரமான குழுக்கள் கோடு போட்டுக்கொள்கின்றன. விளக்கு, குழாய், கழிப்பறை, சுற்றுச்சுவர், தினசரிக் குப்பை ஆகியவை மாநகராட்சிக்கு. கன்று வளர்ப்பு, கண்காணிப்பு, சிறுவர் விளையாட்டு, படிப்பு வட்டம் ஆகியவை மக்களுக்கு. மாநகராட்சி அதன் பங்கைச் செய்யாவிட்டால் மனு, மறுபடி மனு.

மனு கொடுக்க இப்போது ஓர் இடமும் இருக்கிறது. கிராமசபை மாதிரி நகரங்களுக்கும் பகுதி சபை என்ற ஏற்பாட்டை 2022-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று கூட்டங்கள் தொடங்கின. கவுன்சிலரை அவர் வீட்டு வாசலில் பிடிப்பதைவிட, சபையில் எழுந்து நின்று பூங்காவைப் பற்றிக் கேட்டுப் பதிவேட்டில் எழுதவைப்பது நல்லது.

பணத்துக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. 2021-ல் மறுபடி தொடங்கிய இந்தத் திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். 3 லட்சம் ரூபாய் வேலைக்கு மக்கள் பங்கு 1 லட்சம். 200 வீடுகள் இருக்கும் நகரில் வீட்டுக்கு 500 ரூபாய்!

காந்திகிராமம் சொல்லும் பாடம்

சேர்ந்து உழைப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது. கிராமத்துக்குள் இறங்கி வேலை செய்வதையும் படிப்பின் பகுதியாக்கிய நிறுவனம் அது. இன்று நாடு முழுக்கக் கல்லூரிகளில் இருக்கும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் வந்தது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். ஊர்ப் பூங்கா ஒன்றை ஒரு கல்லூரி எடுத்துக்கொண்டால், 50 மாணவர்களின் மொத்த உழைப்பு 12,000 மணி நேரம். எங்கோ ஏழு நாள் முகாம் போட்டுத் திரும்புவதோடு, பக்கத்துப் பூங்காவுக்கும் ஒரு பங்கு தரலாமே!

விடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவை உதாரணம். கோயம்புத்தூர் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017 முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளக்கரைகளில் கூடி வேலை செய்கிறார்கள். பேரூர் பெரியகுளத்தில் தொடங்கிய வேலை மற்ற குளங்களுக்கும் பரவியது. 'ஞாயிறு காலை' என்று நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்திருப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அழைப்பிதழ் தேவையில்லை, வர முடிந்தவர்கள் வருவார்கள்.

திண்டுக்கல் சமவெளியிலேயே இன்னொரு நல்ல சேதியும் உண்டு. அய்யலூர், வேடசந்தூர், நத்தம் பக்கத்து முட்காடுகளில் வாழும் தேவாங்குக்காக 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென நாட்டிலேயே முதல் சரணாலயம் இதுதான். வெறும் முள்ளுக்காடு என்று ஒதுக்கிய இடத்தை, இங்கே ஓர் உயிர் இருக்கிறது என்று பார்த்த பிறகு அதன் மதிப்பே மாறிப்போனது. தெருமுனைக் காலி இடத்துக்கும் அப்படி ஒரு பார்வை வேண்டியிருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்கு

* முதலில் ஐந்து பேர் போதும். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். விளக்கும் கழிப்பறையும் இல்லாத பூங்காவுக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்பதை அவர்களால்தான் சரியாகச் சொல்ல முடியும்.
* மாநகராட்சி ஆணையருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அனுமதி இல்லாமல் மரக்கிளையைக்கூட வெட்டாதீர்கள்.
* தொடங்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள்.
* பணம் சேர்த்தால் வரவு செலவைப் பூங்காச் சுவரிலேயே ஒட்டுங்கள். சங்கங்கள் உடைவது பெரும்பாலும் கணக்கில்தான்.
* கண்ணாடித் துண்டும் ஊசியும் கிடக்கும். குழந்தைகளுக்குக் கையுறையும் செருப்பும் இல்லாமல் வேலை கொடுக்காதீர்கள்.
* வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு: மதுரை, திருச்சி, கரூர், பழனி ரயில் பாதைகள் திண்டுக்கல் சந்திப்பில் கூடுகின்றன. கோட்டைக்கு வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். கொண்டுபோகும் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒரு பூட்டு

பூங்கா சீராகிவிட்டதும் ஒரு புதிய ஆபத்து வரும். 'நாங்கள் வளர்த்த பூங்கா' என்ற பெருமை மெதுவாக 'எங்கள் பூங்கா' என்றாகும். பந்து விளையாடும் பையன்களை விரட்டுவார்கள். பக்கத்துக் குடிசைப் பகுதிக் குழந்தைகள் ஊஞ்சலில் ஏறினால் முறைப்பார்கள். கடைசியில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு மட்டும் என்று சொல்லி, வாசலில் மறுபடியும் ஒரு பூட்டுத் தொங்கும். இந்த முறை போட்டது அரசாங்கம் அல்ல, அதைத் திறக்கப் பாடுபட்டவர்களே.

மூன்று பிள்ளைகளோடு ஒற்றை அறையில் குடியிருக்கும் அம்மாவுக்கு அந்த ஊஞ்சல்தான் முற்றம். வெயில் தாழ்ந்ததும் மருமகளுக்குத் தொந்தரவு தராமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரும் பெரியவருக்கு அந்தச் சிமென்ட் பெஞ்ச்தான் திண்ணை. பூங்கா யாருக்கு அதிகம் தேவையோ, அவர்கள் தயங்காமல் உள்ளே வர முடிந்தால்தான் அது பூங்கா.

ஒரு பூட்டுக்கு ஒரே சாவிதான் என்பது திண்டுக்கல் பட்டறைகளின் பெருமை. ஊர்ப் பூங்காவுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. அதன் சாவி ஊரில் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்.